உப்புக் காற்றில் ஒரு நாட்டுத் துப்பாக்கி: குழலை எதில் கழுவுவது, எதைப் பூசி வைப்பது?

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எண்ணூர் விரைவுச்சாலையும் நாலு வரிசை வீடுகளும்தான். சாயங்காலம் கடல்காற்று ஏறினால் மாடியில் காய்ந்த துணிகூட மறுபடி பிசுபிசுக்கும். ஜன்னல் கம்பிக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயின்ட் அடிக்கிறோம். ஆடி மாதம் பார்த்தால் அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் துரு கொப்பளித்து நிற்கும். கேஸ் அடுப்பின் கால், சைக்கிள் செயின், கிரைண்டர் போல்ட்டு என்று இரும்பு எதுவுமே இங்கே நிம்மதியாக இருப்பதில்லை. இந்த வீட்டில்தான் என் தாத்தாவின் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் பழைய வகை. லைசென்ஸ் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவுக்குப் பிறகு எனக்கும் வந்தது.

சொந்த ஊர் ஜவ்வாது மலை அடிவாரம். கடலை போடும் பருவத்தில் காட்டுப்பன்றி வரும்போது குண்டு இல்லாமல் வெறும் மருந்து மட்டும் கெட்டித்து ஓரிரண்டு வெடி போடுவோம், சத்தத்துக்காக. மற்ற நாளெல்லாம் துப்பாக்கி பீரோவில் தூங்கும். அது என் கைக்கு வந்த முதல் வருடம், வெடி போட்ட அன்று இரவு மாமா சொன்னபடி கிருஷ்ணாயிலில் நனைத்த துணியால் குழலைத் துடைத்தேன். துணி கறுப்பாக வந்தது, பிறகு வெளுப்பாக வந்தது. சுத்தமாகிவிட்டது என்று நம்பித் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விட்டு, உறையில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். நாற்பது நாள் கழித்து வெள்ளைத் துணி விட்டு எடுத்தால் செம்மண் நிறத்தில் வந்தது. தாத்தா அறுபது வருடம் காப்பாற்றியதை நான் ஒன்றரை மாதத்தில் கெடுத்தேன் என்ற வலி இன்னும் போகவில்லை. குழலின் அடிப்பக்கத்தில் அன்றைக்கு விழுந்த சின்னச் சின்னப் பள்ளங்கள் இப்போதும் அங்கேயே இருக்கின்றன.

இதை நான் முதலில் சொன்னது காசிமேட்டில் படகு எஞ்சின் பார்க்கும் ஓர் அண்ணனிடம். அவர் துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. ஆனால் கேட்டதும் பிடித்துவிட்டார். “தம்பி, கடலுக்குப் போய்ட்டு வந்த எஞ்சினுக்கு நாங்க முதல்ல ஆயிலா போடுவோம்? நல்ல தண்ணி விட்டு ஓடவிடுவோம். உப்ப எடுக்கறது தண்ணிதான். உப்பு மேல ஆயில் ஊத்துனா, அடியில அது பாட்டுக்குத் தின்னுக்கினே இருக்கும்.”

அவர் சொன்னதுதான் இந்த விஷயத்தின் அடிப்படை. கரிமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். கரிமருந்து எரியும்போது எடையில் பாதிக்கும் குறைவான பங்குதான் வாயுவாகிறது. மிச்சமெல்லாம் திடப்பொருள். அதில் கொஞ்சம் வெள்ளைப் புகையாக வெளியே போகும், கொஞ்சம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு என்று அந்தப் படிவில் பெரும்பகுதி உப்புகள்தான். குழலில் தண்ணீர் விட்டதும் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அது சல்பைடு தண்ணீரோடு சேர்வதால் வருவது. அந்த நாற்றம் வந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த உப்புகள் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசிந்து தண்ணீராகும். பொட்டாசியம் கார்பனேட்டுக்கு 43 சதவீதமே போதும். கடல்காற்றோடு வரும் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். எங்கள் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 60, 70, 80 என்றுதான் ஓடுகிறது. அதாவது, கழுவாமல் விட்ட குழல் திருவொற்றியூரில் எந்த நாளிலும் உள்ளே காய்ந்திருக்காது. ஊரில் அதே துப்பாக்கி கிருஷ்ணாயில் துடைப்பிலேயே ஓரளவு தப்பித்ததற்குக் காரணம், கடல் அங்கிருந்து வெகு தூரம். மாமா சொன்னது அவர் ஊரைப் பொறுத்தவரை முழுப் பொய் இல்லை. இங்கே அது செல்லாது.

ஒன்றும் தொடங்கும் முன் ஒரு விஷயம். வீட்டில் வெகுநாள் கிடந்த வாய்க்கெட்டித் துப்பாக்கிக்குள் பழைய மருந்து அப்படியே இருக்கலாம். இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகில் கம்பியில் ஓர் அடையாளம் வையுங்கள். பிறகு கம்பியை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடையாளத்தை வாய்க்கு நேராகப் பிடித்தால் கம்பியின் மறுமுனை நிப்பிள் (தீப்பொறி தரும் கேப்பை மாட்டும், துளையுள்ள சின்ன முளை) இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை குறைந்தாலே உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியானால் நீங்கள் தோண்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

சரி, எதில் கழுவுவது? எனக்கு வந்த யோசனைகள் நான்கு: கிருஷ்ணாயில் அல்லது பெட்ரோல், கொதிக்கும் தண்ணீர், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், லேத்துப் பட்டறையில் வெட்டும்போது ஊற்றுகிற பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர்.

கிருஷ்ணாயில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய கிரீஸையும் எடுக்கும். உப்பு அதில் கரையாது. கரி போய்விடுவதால் துணி வெளுப்பாக வரும், உப்பு இரும்போடு ஒட்டியே இருக்கும். நான் ஏமாந்தது இங்கேதான். பெட்ரோலும் இதே கதைதான், அதோடு தீ அபாயம் வேறு. இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்கென்று செய்த துப்பாக்கி சால்வென்ட்டுகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். செம்பையும் ஈயத்தையும் எடுப்பதில் அவை கெட்டி. கரிமருந்து உப்புக்கு அவற்றை மட்டும் நம்பக்கூடாது.

கொதிக்கும் தண்ணீர் பழைய முறை. சருவத்தில் தளதளவென்று கொதித்ததைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றுவார்கள். இரும்பு சூடேறித் தானாகவே உலர்ந்துவிடும் என்பது அதன் பெரிய வசதி. துடைக்க எட்டாத மூலையும் காயும். ஆனால் சுத்தமான, எண்ணெயில்லாத, சூடான இரும்பின்மேல் ஈரமும் காற்றும் சேர்ந்தால் கண்முன்னே மெல்லிய மஞ்சள் துரு படரும். சாணை பிடித்த கத்தியை வெந்நீரில் கழுவி அப்படியே வைத்தால் ஓரத்தில் மஞ்சள் பூக்குமே, அதேதான். உப்புக் காற்று வீசும் வீட்டில் அந்தச் சில நிமிடமே போதுமானது. கை சுடும் ஆபத்தும் இருக்கிறது. நான் இரண்டு வருடம் இப்படிச் செய்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

இப்போது செய்வது வெதுவெதுப்பான தண்ணீர். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. அதில் ஒரு துளி பாத்திர சோப்பு, அவ்வளவுதான். உப்பு கரைவதற்குக் கொதிநீர் அவசியமே இல்லை, சாதாரணத் தண்ணீரிலேயே நன்றாகக் கரையும். நிப்பிளைக் கழற்றித் தனியாக ஒரு கிண்ணத்தில் ஊறப் போடுகிறேன். குழலைக் கட்டையிலிருந்து பிரிக்க முடிந்தால் பிரித்து, அடிமுனையை வாளித் தண்ணீரில் வைத்து, கம்பி நுனியில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தால் கைபம்பு அடிப்பது போல நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கும். முதல் வாளி மை போலக் கறுக்கும். இரண்டாவது வாளி சாம்பல் நிறம். மூன்றாவதில் தண்ணீர் தண்ணீராகவே இருக்க வேண்டும். பிரிக்க முடியாத துப்பாக்கியில் நிப்பிள் துளையில் பிளாஸ்டிக் குழாய் பொருத்தி அதே வேலையைச் செய்யலாம். எப்படியானாலும் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் இறங்கவிடக் கூடாது. மரம் நனைந்தால் பல நாள் ஈரத்தை வைத்திருந்து, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் குழலைத் தின்னும்.

லேத்துக்காரர் வைத்திருக்கும் வெள்ளைத் தண்ணீரும் நல்ல யோசனைதான். தண்ணீரில் கரையும் எண்ணெயைக் கலந்து செய்வது. தண்ணீர் உப்பைக் கரைக்கும், எண்ணெய் இரும்பின்மேல் மெல்லிய ஏடு விடும். மேல்நாடுகளில் கரிமருந்துத் துப்பாக்கிக்காரர்கள் ‘பாலிஸ்டால்’ என்ற ஜெர்மன் எண்ணெயைத் தண்ணீரில் கலந்து பயன்படுத்துவதும் இதே தத்துவம்தான். எங்கள் தெரு முனை லேத்தில் ஒரு பாட்டில் வாங்கி வந்து பயன்படுத்திப் பார்த்தேன். கழுவுவதற்கு நன்றாகவே இருந்தது. ஒரே குறை, பட்டறையில் பல நாள் சுற்றிய கலவையில் இரும்புத்தூளும் அழுக்கும் இருக்கும். புதிதாகக் கலந்தால் மட்டும் சரி. வருடத்தில் இரண்டு வெடிக்கு அந்த ஏற்பாடு எனக்கு அதிகமாகப் பட்டது. அடிக்கடி சுடுபவராக இருந்தால் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. வேறு ஊர்க்காரர்களுக்கு இது தோன்றவே தோன்றாது: எந்தத் தண்ணீர்? வடசென்னையில் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் கடல் புகுந்த பகுதி இது. எங்கள் வீட்டுப் போரில் குளித்தால் சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளைப் படிவு நிற்கும். மருந்து உப்பைக் கழுவப் போய்க் கடல் உப்பை ஏற்றிவைத்த கதையாகிவிடும். முதல் இரண்டு வாளிக்கு மெட்ரோ தண்ணீர் போதும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் இரண்டு லிட்டர் வைத்துக்கொள்வேன். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் இன்னும் மேல், அது உப்பு நீக்கியது. பாத்திர சோப்பைக் கடைசிவரை விடாமல் அலசச் சொல்வதும் இதனால்தான். திரவ சோப்புகளைக் கெட்டியாக்க உப்பு சேர்ப்பது வழக்கம்.

எங்கள் மாமா இந்தக் கழுவலைப் பார்த்துவிட்டு ஆடிப்போய்விட்டார். “ஏம்பா மாப்ள, இரும்புக்குத் தண்ணி காட்டுவாங்களா? தோசைக்கல்லு மாதிரி எண்ணெய் ஊறி ஊறித்தான் குழலு பழகணும்” என்றார். இந்த நம்பிக்கை அவருக்கு மட்டும் இல்லை, வெளிநாட்டிலும் குழலைப் ‘பழக்குவது’ பற்றிப் பேசுபவர்கள் உண்டு. தோசைக்கல்லில் நடப்பது வேறு. அங்கே எண்ணெய் அதிகச் சூட்டில் கல்லோடு கெட்டிப்பட்டு ஒரு தோலாகிறது, அதற்கடியில் உப்பு இல்லை. குழலில் ஒவ்வொரு வெடிக்கும் புது உப்புப் படிகிறது. அதன்மேல் எண்ணெய், அதன்மேல் மறுபடி உப்பு என்று அடுக்கினால் உள்ளே நடக்கும் துரு வெளியே தெரியாது. மாமாவிடம் இதை எதிர்த்துப் பேசவில்லை. கிருஷ்ணாயிலில் துடைத்த குழலுக்குள் வெந்நீர் துணியை விட்டுக் காட்டினேன். வெளுப்பாக வந்துகொண்டிருந்த துணி மறுபடி சாம்பல் நிறமாக வந்தது. அதற்குப் பிறகு அவர் தண்ணீர் பற்றிப் பேசவில்லை. தேங்காய் எண்ணெயை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

காயவைப்பதில் தயங்கக் கூடாது. உலர்ந்த பருத்தித் துணி, பழைய பனியன் துணிதான் நன்றாக உறிஞ்சும். அதைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, ஈரம் ஒட்டாமல் வரும்வரை விட வேண்டும். எனக்கு ஏழெட்டுத் துண்டு ஆகும். அடிமூலைக்குத் துணி சரியாகப் போகாது. அங்கேதான் டபிள்யூடி-40 என்ற ஸ்ப்ரே எண்ணெய் உதவுகிறது. அதன் பெயரே தண்ணீரை விலக்குவதற்கான நாற்பதாவது முயற்சி என்ற பொருளில் வந்தது. 1953-ல் அமெரிக்காவில் சான்டியேகோவில் செய்தார்கள், ஏவுகணையின் உலோகத் தோல் துருப்பிடிக்காமல் இருக்க. நிப்பிள் துளை வழியாக ஓர் அடி அடித்து, ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தால் மூலையில் ஒளிந்த தண்ணீர் வெளியே வரும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: குழலை மொட்டைமாடியில் வெயிலில் வைக்காதீர்கள். லைசென்ஸ் ஆயுதம் அக்கம்பக்கத்தார் பார்வைக்கு வரக் கூடாது, அந்தக் காற்றில் உப்பும் இருக்கிறது.

இனி எதைப் பூசி வைப்பது? இதில்தான் ஆளுக்கொரு கருத்து. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போன வருடம் ஐப்பசியில் நானே ஒரு சோதனை செய்தேன். மண்ணடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பட்டைக் கம்பி வாங்கி, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, எமரித் தாளில் ஒரே மாதிரி தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பூசினேன். கடல் பார்த்த ஜன்னலுக்கு உள்பக்கம், மழை படாமல் காற்று படும்படி நூலில் தொங்கவிட்டேன். தை வரைக்கும் அப்படியே விட்டேன். ஒரு வீட்டில் ஒருமுறை செய்தது, அவ்வளவுதான் அதன் மதிப்பு. ஆனால் எனக்கு முடிவெடுக்கப் போதுமானதாக இருந்தது.

எதுவும் பூசாத துண்டு மூன்றாம் நாளே புள்ளி போட்டது. அடுத்துத் தோற்றது டபிள்யூடி-40. தண்ணீரை விரட்டுவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அதிலுள்ள இலேசான பகுதி பறந்துவிட்டால் மிஞ்சும் ஏடு மிக மெல்லியது. அதை உலர்த்தும் மருந்தாக வைத்துக்கொள்ளலாம், காவலாக வைக்கக் கூடாது. அதன் பின்னாலேயே போனது தையல் மிஷின் எண்ணெய். சுத்தமானது, நாற்றமில்லாதது, பூட்டுப்பகுதியின் ஸ்பிரிங்குக்கும் திருகுக்கும் அருமையானது. நிமிர்த்தி வைத்த குழலில் மட்டும் அது வழிந்து கீழே போய்விடுகிறது.

தேங்காய் எண்ணெய்த் துண்டை மாமாவுக்காகவே கவனமாகப் பார்த்தேன். முதல் சில வாரம் நன்றாக நின்றது. அதிலுள்ள கொழுப்பில் 90 சதவீதத்துக்குப் பக்கம் நிறைவுற்றது என்பதால் நல்லெண்ணெய் அளவுக்குச் சீக்கிரம் கெட்டுப் பிசினாகாது. ஆனால் தூசி அதில் ஒட்டியது, எறும்பும் வந்தது, மார்கழிக் குளிரில் சில இடம் வெள்ளையாக உறைந்து நடுவில் இடைவெளி விட்டது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். அந்த இடைவெளிகளில்தான் துரு வந்தது. நல்லெண்ணெய்த் துண்டு தையில் பசை போல இருந்தது, விரலால் இழுத்தால் நூல் வந்தது. குழலுக்குள் அப்படியானால் அடுத்த முறை வாரக்கணக்கில் சுரண்ட வேண்டும்.

என்னை ஆச்சரியப்படுத்தியது விளக்கெண்ணெய். கெட்டியானது, இரும்பைப் பிடித்துக்கொள்ளும், லேசில் காயாது. காஸ்ட்ரால் என்ற எஞ்சின் ஆயில் பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் வேகமாக ஓடும் எஞ்சின்களுக்கு அதைத்தான் கலந்தார்கள். என் துண்டில் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கியது. தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு, தேன்மெழுகு இவற்றுக்குக் கரிமருந்தோடு இன்னொரு பொருத்தமும் உண்டு. அவை மருந்துப் படிவை இளக்கமாக வைத்திருக்கும். பெட்ரோலிய எண்ணெய் மிச்சமிருக்கும் குழலில் மருந்து எரிந்தால் தார் போலக் கெட்டியாகும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை சுடுபவருக்கு விளக்கெண்ணெய் நல்ல தேர்வு. 1857-ல் சிப்பாய்களைக் கொதிக்கவைத்த தோட்டாக் கொழுப்பும் வாய்வழி கெட்டிக்கும் என்ஃபீல்டு துப்பாக்கிக்கானதுதான். கொழுப்பு இல்லாமல் அந்த வகைத் துப்பாக்கி சரியாக வேலை செய்யாது.

என்ஃபீல்டு என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறொன்று நினைவு வரும். 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை. அந்தப் பெயர் இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற இடத்திலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து வந்தது. முத்திரையில் பீரங்கி இருப்பதும் அதனால்தான். அந்த அரசுத் தொழிற்சாலையின் 1853 மாதிரி ரைஃபிளின் குழல் 39 அங்குலம், உள்ளே மூன்று சுழல் பள்ளங்கள். எங்கள் துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பானது. பள்ளம் வெட்டிய ரைஃபிள் வைத்திருப்பவர் என்னைவிட இரண்டு மடங்கு பொறுமையாக இருக்க வேண்டும். படிவு பள்ளத்தின் மூலையில் ஒளியும். வெறும் துணி மேட்டை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிடும். அளவு சரியான வெண்கலப் பிரஷ்ஷை முதல் வாளியிலேயே சில தடவை விட்டு, பிறகு சற்று இறுக்கமான துணி விட வேண்டும்.

சோதனைக்குத் திரும்புவோம். புது எஞ்சின் ஆயில், 20டபிள்யூ-40, கார்த்திகை முழுக்கத் தாங்கி, அப்புறம் மேல்முனையில் லேசாகப் புள்ளி விட்டது. மோசமில்லை. காசிமேட்டில் சும்மாவே கிடைக்கும் பழைய கறுப்பு ஆயிலை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். எஞ்சினில் எரிந்து வரும் அமிலமும் ஈரமும் அதில் இருக்கின்றன. கடைசிவரை புள்ளியே விடாமல் நின்றவை இரண்டு: வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ், மருந்துக்கடையில் கிடைக்கும் வாசலின். இரண்டும் வழியாது, பறக்காது, உப்புக் காற்றை இரும்பைத் தொடவிடாது. கிரீஸ் கொஞ்சம் அதிகம் தாங்கும் என்பது என் எண்ணம். ஆனால் அதைக் குழலிலிருந்து முழுக்க எடுக்கக் கிருஷ்ணாயில் துணி பத்தாவது வேண்டும், நிப்பிள் துளையில் அடைத்தால் ஊசி வைத்துக் குத்த வேண்டும். வாசலின் வெதுவெதுப்பில் இளகிச் சுலபமாக வந்துவிடும்.

ஆகவே என் முடிவு இப்படி அமைந்தது. இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடுப்பேன் என்றால் விளக்கெண்ணெய். மாதக்கணக்கில் பீரோவில் இருக்கப் போகிறது என்றால் வாசலின். துணியில் தடவிக் குழலுக்குள் சுற்றிச் சுற்றி இழுத்து, கண்ணாடி போல ஓர் ஏடு. கட்டி கட்டியாக அப்பத் தேவையில்லை. ஆறு மாதம் திறந்தே பார்க்க முடியாது, வெளியூர் போகிறேன் என்பவருக்கு மட்டும் கிரீஸ். மாமாவுக்குத் தேங்காய் எண்ணெயே இருக்கட்டும், அவர் ஊரில் அது பிழைக்கும். கழுவிவிட்டுப் பூசினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏற்கெனவே துரு வந்த குழலுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மேல் துருவானால், மிக மெல்லிய இரும்பு நார், நான்கு சுழி போட்டது என்று கேட்டால் கொடுப்பார்கள், அதை எண்ணெயில் நனைத்து மெதுவாக விட்டால் போகும். புளி, எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எதுவும் வேண்டாம். துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும், வெளியே இருக்கும் பழுப்பு நிறப் பூச்சையும் அவை தின்னும். அந்தக் காலப் பட்டாளத்தில் செங்கல் பொடி போட்டுப் பளபளக்கத் தேய்ப்பார்கள். பல குழல்கள் சுட்டுத் தேய்ந்ததைவிடத் தேய்த்தே தேய்ந்தன. பள்ளம் விழுந்திருந்தால் அதைச் சமப்படுத்த வீட்டில் முயலாதீர்கள். பள்ளத்துக்குள் உப்பு தங்கும், ஆகவே அந்தக் குழலுக்கு இன்னும் ஒரு வாளி அலசல் அதிகம். பள்ளம் ஆழமானால் சுடுவதற்கு முன் பழுதுபார்ப்பவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வைக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ரெக்சின் உறையிலோ தோல் உறையிலோ நிரந்தரமாக வைக்கக் கூடாது. அது ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், என் முதல் வருடத் தவறில் அதற்கும் பங்குண்டு. குழல் வாயை அடைக்கவும் கூடாது. வாய் கீழே, அடிக்கட்டை மேலே இருக்கும்படி சாய்த்து வைத்தால் எண்ணெய் நிப்பிள் பக்கம் இறங்கி மரத்தில் ஊறாது. கடல் பக்கச் சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். நான் பீரோவின் அடித்தட்டில் பழைய இழை ஜீரோ வாட் பல்பு ஒன்று எரியவிடுகிறேன். பெயர்தான் ஜீரோ, சுமார் 15 வாட் இழுக்கும். அந்தச் சூடுதான் வேண்டியது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று 35 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் ஏறக்குறைய 60-க்கு வந்துவிடும். எல்இடி பல்பில் இது நடக்காது. கரிமருந்தையும் கேப்பையும் அந்தப் பீரோவில் வைக்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்காது. பல்பு பிடிக்காதவர்கள் சிலிக்கா ஜெல் பை போடலாம், ஆனால் இந்த ஊர்க் காற்றில் அது சீக்கிரம் நிரம்பிவிடும், மாதாமாதம் சூடாக்கி உலர்த்த வேண்டும்.

பூசியது எதுவானாலும் மூன்றாம் நாள் ஒருமுறை வெள்ளைத் துணி விட்டுப் பார்க்கிறேன். கழுவலில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அந்த மூன்றாம் நாள் துணியில் தெரிந்துவிடும். பழுப்புக் கோடு வந்தால் தயங்காமல் மறுபடி தண்ணீரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மேலே இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தப்பிக்கக் கூடாது. அது சரியாக இருந்தால் ஒரு மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பக் கைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகலாம், அதுவரை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. அந்த முறைக்கு மட்டும் வாசலினை விட்டுவிட்டு நானும் கிரீஸ்தான் போடுகிறேன், வெளிப்பக்கம் தேன்மெழுகு. ஒப்படைக்கும்போது டிரிகர் காப்பில் ஒரு அட்டையைக் கட்டி எழுதிவிடுகிறேன்: “குழலில் கிரீஸ் உள்ளது. முழுக்கத் துடைத்து எடுக்காமல் மருந்து போடக் கூடாது.” அட்டை எனக்காகவும்தான். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது நானே மறந்திருப்பேன்.